அம்மாவின்ர கிளினிக் கொப்பியும் காப்புறுதியும்: உங்க எப்பிடி, இஞ்ச எப்பிடி?

நட்டாங்கண்டல்_பெடியன்

எல்லாருக்கும் வணக்கம். ஒரு முடிவெடுக்க ஏலாமல் கிடக்கு, அதுதான் இஞ்ச போடுறன்.

அம்மாவுக்கு 63 வயசு. பதினொரு வருசமாச் சீனியும் பிரசரும். மாசம் ஒருக்கா மல்லாவி அரசாங்க ஆஸ்பத்திரியில கிளினிக், வருத்தமும் மருந்தும் அங்க ஒரு கொப்பியிலதான் எழுதுவினம். மருந்துக்கு ஒரு சதமும் கட்டினதில்லை. போன மாசம் நெஞ்சுக்க ஒரு மாதிரி எண்டு சொல்ல, எக்கோ (இதய ஸ்கான்) எடுக்கச் சொல்லி யாழ்ப்பாணத்துக்கு எழுதிவிட்டவை. திகதி கிடைச்சது நாலு மாசம் கழிச்சு. பயத்தில பிரைவேற்றில சனல் பண்ணி (காசு கட்டி டொக்டரிட்ட நேரம் எடுத்து) காட்டினம். டொக்டர் காசு, எக்கோ காசு, வான் காசு எண்டு கச்சான் வித்த காசில பாதி போட்டுது. கடவுளே எண்டு இதயத்தில ஒண்டும் இல்லை.

இதைக் கேள்விப்பட்டு ஸ்காபரோவில இருக்கிற அக்கா, "அம்மாவுக்கு ஒரு மெடிக்கல் இன்சூரன்ஸ் போடு, மாசக் காசு நான் அனுப்புறன்" எண்டவ. ஏஜென்ற் ஒருத்தர் வீட்டை வந்தவர். நல்ல மனிசன். தேத்தண்ணி குடிச்சு, படிவத்தை விரிச்சு வைச்சுக்கொண்டு, "ஏற்கனவே ஏதும் வருத்தம் இருக்கோ அம்மா?" எண்டு கேட்டார். அம்மா ஏதோ பிள்ளையின்ர றிப்போட் காட்டுற மாதிரி உள்ள போய், சொப்பின் பையில சுத்தி வைச்ச கிளினிக் கொப்பியைக் கொண்டுவந்து குடுத்தா. அவர் நாலு ஒற்றை தட்டினார். பிறகு பேனையை மூடிப்போட்டார்.

சீனி, பிரசர், அதால வாற இதயம், கிட்னி, கண் ஒண்டுக்கும் கிடையாதாம். மற்றதுக்குப் போடலாமாம். மற்றது எண்டா என்ன, பாம்பு கடிச்சாலோ?

வெளிநாட்டில இருக்கிறவை சொல்லுங்கோ. உங்கட இடங்களில இது எப்பிடி நடக்குது? அரசாங்கம் பாக்கிறது நல்லதோ, காப்புறுதி நல்லதோ?

—

சூரிச்_மாமா

தம்பி, முதல் ஒண்டு. சுவிஸ் முழுக்கக் காப்புறுதி நாடுதான். அரசாங்கம் உன்ர மருந்துத்துண்டுக்குக் காசு கட்டாது. ஆனா உங்கட அம்மாவின்ர கொப்பியை இஞ்ச ஒரு கம்பனியும் திறந்து பாக்க ஏலாது.

1996இல நடைமுறைக்கு வந்த சட்டம். நாட்டில குடியிருக்கிற ஒவ்வொரு ஆளும் அடிப்படைக் காப்புறுதி எடுக்கவேணும், வந்து மூண்டு மாசத்துக்குள்ள. கம்பனி எல்லாம் தனியார்தான், ஆனா கேட்டு வாற ஆளை மறிக்கேலாது. சீனி இருக்கோ, கான்சர் இருக்கோ எண்ட கேள்வியே இல்லை. அடிப்படைக் காப்புறுதியில லாபம் எடுக்கவும் ஏலாது. பல்லுக்கும் தனி வார்ட்டுக்கும் எண்டு மேலதிகமா எடுக்கிறதில மட்டும் கொப்பியைக் கேப்பாங்கள், மாட்டன் எண்டும் சொல்லுவாங்கள்.

கஷ்டம் வேற இடத்தில. சம்பளம் என்னவா இருந்தாலும் காசு ஒண்டுதான். வங்கி மனேச்சரும் கட்டுறது அதுதான், ஹோட்டலில கோப்பை கழுவுற நானும் கட்டுறது அதுதான். வருமானம் குறைஞ்ச ஆக்களுக்கு மாநிலம் கொஞ்சம் உதவி தரும். எனக்கும் மனுசிக்கும் சேர்த்து மாசம் 800 பிராங்குக்கு மேல. ஒவ்வொரு வருசமும் இலையுதிர் காலத்தில புதுக் கணக்குக் கடிதம் வரும், அண்டைக்கு வீட்டில சமையல் இல்லை. நவம்பர் முடியிறதுக்குள்ள வேற கம்பனிக்கு மாறலாம், அந்த மாசம் போன் அடிச்சபடிதான். 2024 ஜூனில, காப்புறுதிக் காசு வருமானத்தில 10 வீதத்தைத் தாண்டக்கூடாது எண்டு வாக்கெடுப்பு வைச்சவை. சனமே வேண்டாம் எண்டு போட்டுது.

—

சூரிச்_மாமா

ஒண்டு விட்டுப்போட்டன். முதல் 300 பிராங்க் செலவை நாங்களே கட்டவேணும். அதை 2500 வரைக்கும் கூட்டி வைச்சா மாசக் காசு குறையும். நான் 2500 வைச்சனான். விளைவு என்னெண்டா முழங்கால் ரெண்டு வருசம் நோகுது, நான் டொக்டரிட்டப் போகேல்லை. போனா முழுக்க என்ர காசு. காப்புறுதி இருக்கு, கட்டிக்கொண்டும் இருக்கிறன், நொண்டிக்கொண்டும் இருக்கிறன்.

—

நியூஜேர்சி_கோண்டாவிலான்

மாமா, உங்கட கோபம் எனக்கு விளங்குது, ஆனா அமெரிக்காவுக்கு வந்து பாத்துட்டுச் சொல்லுங்கோ.

இஞ்ச 65 வயசுக்கு மேல அரசாங்கத்தின்ர மெடிக்கெயார், ஏழையளுக்கு மெடிக்கெயிட். ரெண்டும் 1965இல வந்தது. மற்றவையில கன பேருக்கு வேலை குடுக்கிற கம்பனிதான் காப்புறுதி தரும். ரெண்டாம் உலகப்போரில சம்பளம் கூட்ட அரசாங்கம் தடை போட, முதலாளிமார் ஆளைப் பிடிக்க ஆஸ்பத்திரிக் காப்புறுதியைக் குடுக்கத் தொடங்கினவை. அந்தத் தற்காலிகப் பந்தல்தான் இன்னும் நிக்குது. அதால வேலை போனா காப்புறுதியும் போட்டுது. எனக்கு 2020இல வேலை போச்சு. அதே காப்புறுதியைச் சொந்தக் காசில தொடரலாம் எண்டு கடிதம் வந்தது. தொகையைப் பாத்து மனுசி சிரிச்சா.

நட்டாங்கண்டல் தம்பிக்கு நடந்தது இஞ்ச 2014 வரைக்கும் சொந்தமாக் காப்புறுதி எடுக்கப் போன கன பேருக்கு நடந்தது. ஏற்கனவே வருத்தம் இருக்கெண்டு ஆளைத் தள்ளுறதை 2010 சட்டம் நிப்பாட்டினது, பெரியாக்களுக்கு அது 2014இல நடைமுறைக்கு வந்தது. அவசரப் பிரிவில காசில்லாட்டியும் உயிரைக் காப்பாத்தித்தான் விடவேணும், அதுக்கு 1986 சட்டம் இருக்கு. ஆனா காப்பாத்தின பிறகு பில் வரும். நல்லதையும் சொல்லவேணும். எனக்கு எம்.ஆர்.ஐ ஸ்கான் நாலாம் நாள் எடுத்துப்போட்டாங்கள்.

—

ஈஸ்ட்ஹாம்_குஞ்சி

நாலு நாளோ! என்ர இடுப்பு ஸ்கானுக்கு நான் அஞ்சு மாசம் நிண்டனான்.

—

ஈஸ்ட்ஹாம்_குஞ்சி

சரி, வடிவா எழுதுறன். என்.எச்.எஸ் எண்ட பிரித்தானியாவின்ர அரசாங்க மருத்துவ சேவை தொடங்கினது 1948 ஜூலை 5. வரியில இருந்து காசு. சம்பளத்தில நாஷனல் இன்சூரன்ஸ் எண்டு ஒண்டு வெட்டுறாங்கள், பேரைக் கேட்டு எங்கட ஆக்கள் அதுதான் ஆஸ்பத்திரிக் காசு எண்டு நினைக்கிறவை. பெரும்பகுதி பொது வரிதான். ஆஸ்பத்திரியில காசு கட்டுற கவுன்டர் எண்டு ஒண்டை நான் கண்டதில்லை. இங்கிலாந்தில மருந்துத்துண்டுக்கு ஒரு மருந்துக்கு 9.90 பவுண், சீனி மருந்து எடுக்கிறவைக்கு அதுவும் இல்லை. ஸ்கொட்லாந்திலயும் வேல்சிலயும் ஒருத்தருக்கும் இல்லை.

ஆனா காலமை எட்டு மணிக்கு ஜீ.பீக்கு (குடும்ப டொக்டருக்கு) போன் எடுத்துப் பாருங்கோ. "நீங்கள் வரிசையில 27ஆவது." 2024இல காத்திருப்புப் பட்டியலில இங்கிலாந்தில மட்டும் 70 லட்சத்துக்கு மேல சிகிச்சையள் நிண்டது. சாகக் கிடந்தா ஓடிவந்து பாப்பாங்கள், நொந்துகொண்டு இருந்தா இருக்கவேண்டியதுதான். எக்கோவுக்கு நாலு மாசம் எண்டு தம்பி சொல்லேக்க எனக்குச் சொந்த ஊர் மாதிரி இருந்தது.

—

ஓமந்தைச்_சந்தியான்

வணக்கம். நான் காப்புறுதித் துறையில வேலை செய்யிறன். ஆளாளுக்கு அடிக்க முதல் நானும் ஒரு கதை சொல்லிப்போட்டுப் போறன்.

வெள்ளம் வரமுன்னம்தான் அணை போடவேணும். 63 வயசில, சீனி வந்து பதினொரு வருசம் கழிச்சு வந்து போடுங்கோ எண்டா, அந்தக் காசு எங்க இருந்து வரும்? மற்ற நூறு பேர் கட்டின காசில இருந்து. அந்த நூறு பேரும் இளம் ஆக்களா இருக்கவேணும், இருக்கிறேல்லை. சுவிஸில ஏன் ஒருத்தரையும் மறிக்கேலாது? ஏனெண்டா அங்க ஒருத்தரும் வெளியில நிக்கவும் ஏலாது. எல்லாரையும் கட்டாயம் சேர்த்தால்தான் எல்லாரையும் ஏற்கலாம். இஞ்ச விருப்பப்பட்டவை மட்டும் வாறது, அதுவும் வருத்தம் வந்தாப் பிறகு.

மற்றது, இலவசம் இலவசம் எண்டு சொல்லுறம். இலங்கையில சுகாதாரத்துக்குச் செலவாகிற மொத்தக் காசில கிட்டத்தட்டப் பாதி சனத்தின்ர பொக்கற்றில இருந்து போகுது. சனல் காசு, லாப் காசு, "இது எங்களிட்ட இல்லை, வெளியில வாங்குங்கோ" எண்டு தாற துண்டு. 2022இல கனுலாவும் (மருந்து ஏத்திற ஊசிக்குழாய்) தையல் நூலும் வாங்கிக்கொண்டு வாட்டுக்குப் போன சனத்தை நான் கண்டனான். அந்தப் பாதிக்குத்தான் நாங்கள் நிக்கிறம்.

—

முள்ளியவளை_மிசி

தம்பி ஓமந்தை, நீர் சொல்லுறதில பிழை இல்லை. பாதிக் காசு சனத்தின்ர கையால போகுது, அது உண்மை. ஆனா உம்மட பேரிலயே ஒரு பதில் இருக்கு.

நான் முப்பத்திரண்டு வருசம் அரசாங்க மருத்துவமனையளில தாதியா இருந்தனான், எல்லாம் வன்னிக்குள்ள. சண்டைக் காலத்தில ஓமந்தைச் சோதனைச்சாவடிக்கு இங்கால மருந்து வாறதெண்டா அனுமதி வேணும். பஞ்சுக்கும் அனுமதி, மயக்க மருந்துக்கும் அனுமதி. கேட்டது பத்துப் பெட்டி எண்டா வாறது மூண்டு. எண்டாலும் சம்பளம் கொழும்பில இருந்து வந்தது. டொக்டர்மார் அரசாங்க ஊழியர், நாங்கள் அரசாங்க ஊழியர், கடமைக்கு நிக்கவேணும், நிண்டம். கட்டிடம் போனா பள்ளிக்கூடத்தில, பள்ளிக்கூடம் போனா மரத்துக்குக் கீழ. வருகைப் பதிவேட்டைச் சாரத்துணியில சுத்திக்கொண்டு இடம்பெயர்ந்த ஆள் நான். ஒரு காப்புறுதி அட்டை அந்த நேரம் இருந்திருந்தா, அதை ஆரிட்ட நீட்டுறது?

இன்னொண்டு. நான் வேலைக்கு வந்த காலம் இஞ்ச மலேரியா இல்லாத வீடு இல்லை. குளிர்க்காய்ச்சல் எண்டு நாலு பேர் ஒரே பாயில நடுங்குவினம். மலேரியாத் தடை இயக்கத்துப் பெடியள் சைக்கிளில வந்து விரல் நுனியில குத்தி ரத்தம் எடுப்பினம், சுவருக்கு மருந்தடிப்பினம். காய்ச்சல் இல்லாத ஆளிட்டயும் எடுப்பினம், சனம் ஏசும். உள்ளூர் மலேரியாவின்ர கடைசி நோயாளி 2012 ஒக்ரோபரில. 2016 செப்ரெம்பரில உலக சுகாதார நிறுவனம் இலங்கை மலேரியா இல்லாத நாடு எண்டு சான்றிதழ் தந்தது. எந்தக் காப்புறுதி பக்கத்து வீட்டுச் சுவருக்கு மருந்தடிக்கக் காசு தரும்?

—

கணக்கு_வாத்தி

மிசி அக்காவின் பதிவோடு வரலாற்றையும் கொஞ்சம் சேர்க்கிறேன். 1934, 35இல் இந்த மலேரியாதான் நாட்டையே உலுக்கியது. 1931இலேயே எல்லோருக்கும் வாக்குரிமை வந்துவிட்டது. வாக்குக் கேட்டு வந்தவர்களிடம் சனம் மருந்துச்சாலை கேட்டது. 1951இல் அரசாங்க ஆஸ்பத்திரிக் கட்டணம் எடுபட்டது. 1971இல் வெளிநோயாளரிடம் 25 சதம் வாங்கத் தொடங்கினார்கள். வெறும் 25 சதம்தான்! 1977இல் அதையும் எடுத்துவிட்டார்கள். 1930இல் ஒரு லட்சம் பிரசவத்துக்கு 2,000க்கு மேல் தாய்மார் இறந்த நாடு இது. 2020 அளவில் அது கிட்டத்தட்ட 30. அந்தக் குறைவில் வீட்டுக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தருக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆனால் 1977இல் அரசாங்க வைத்தியர்களுக்குத் தனியார் தொழிலுக்கும் அனுமதி கொடுத்தார்கள். தம்பி காலையில் திகதி வாங்கிய இடத்து வைத்தியரும் பின்னேரம் சனல் பண்ணிய வைத்தியரும் ஒருவர்தானா என்று கேட்டுப் பார்க்கவும்.

—

நட்டாங்கண்டல்_பெடியன்

ஒராள்தான் சேர். 😐

—

பழைய_பாண்டியன்குளத்தான்

நான் பரிசில இருந்து. சும்மா கேக்கிறன், காலமை பாண்டியன்குளம், மல்லாவி, மாங்குளம் எண்டு போற பஸ் இப்பவும் ஓடுதோ? டிசம்பரில வாறம்.

—

இழை_காவல்

பஸ் கேள்வியைப் போக்குவரத்துப் பகுதியில போடவும்.

—

ஸ்காபரோ_சின்னக்கா

தம்பியின்ர அக்கா நான் இல்லை, வேற ஆள். ஆனா எனக்கும் ஒரு கொப்பிக் கதை இருக்கு.

கனடாவில எங்களுக்கு ஓஹிப் அட்டை, ஒன்ராறியோ மாகாணத்தின்ர சுகாதாரக் காப்புறுதி. டொக்டருக்கும் ஆஸ்பத்திரிக்கும் காசு இல்லை. சஸ்காச்சுவான் மாகாணத்தில 1962இல, முந்தின முதல்வர் டொமி டக்ளஸின்ர இலவச மருத்துவத் திட்டம் தொடங்கேக்க டொக்டர்மார் 23 நாள் வேலைநிறுத்தம் செய்தவையாம். இப்ப அதைத் தொட்டா சனம் வேலைநிறுத்தம் செய்யும். ஆனா வெளியில வாங்கிற மருந்து அதுக்குள்ள வராது. 65 வயசுக்கு மேலயும், தனியார் காப்புறுதி இல்லாத 24 வயசு வரைக்கும் உள்ள ஆக்களுக்கும் ஒன்ராறியோ குடுக்குது, நடுவில இருக்கிற நாங்கள் வேலைக் காப்புறுதியை நம்பித்தான்.

அப்பாவைச் சூப்பர் விசாவில, அதாவது அம்மா அப்பா கனகாலம் வந்து நிக்கிற விசாவில, கூப்பிட்டனான். அதுக்கு ஒரு வருசத்துக்கு ஒரு லட்சம் டொலர் தனியார் காப்புறுதி கட்டாயம், அட்டை கிட்டை இல்லை. கட்டினம். வந்து ரெண்டாம் மாசம் அப்பாவுக்கு மூச்சுத் திணறல், ஆஸ்பத்திரியில ஆறு நாள். கிளெய்ம் போட, கம்பனி ஊரில இருந்து கிளினிக் கொப்பியின்ர கொப்பி கேட்டது. தம்பி ஒவ்வொரு ஒற்றையாப் படம் எடுத்து அனுப்பினான். அப்பா வெளிக்கிட ஏழு கிழமைக்கு முதல், டொக்டர் பிரசர் குளிசையை ஒண்டில இருந்து ரெண்டாக்கி எழுதியிருந்தவர். பொலிசியில சின்ன எழுத்தில 180 நாள் மருந்து மாறாமல் இருக்கவேணும் எண்டு கிடக்குதாம். ஒரு சதமும் தரேல்லை.

அந்த டொக்டர் நல்லது நினைச்சுத்தான் கூட்டினவர், அப்பாவுக்குப் பிரசர் ஏறிக் கிடந்தது. நாங்கள் மூண்டு வருசமா மாசக் கணக்கில கட்டி முடிச்சம். ஆராவது அம்மா அப்பாவைக் கூப்பிடுறதெண்டா இதை வாசிச்சுப்போட்டுக் கூப்பிடுங்கோ.

—

ஓமந்தைச்_சந்தியான்

அக்கா, அது விற்ற ஆளின்ர பிழை. அந்த நிபந்தனையை வாய் திறந்து சொல்லியிருக்கவேணும். இல்லாத பொலிசியை வித்த மாதிரித்தான்.

—

நெடுங்கேணி_திரும்பிவந்தவன்

நான் 2016 வரைக்கும் தமிழ்நாட்டில அகதி முகாமில இருந்தனான். அங்க முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எண்டு ஒண்டு, முகாம்காரருக்கும் குடுத்தவை. என்ர மனுசிக்குக் கர்ப்பப்பை ஒப்பரேஷன் பிரைவேற் ஆஸ்பத்திரியில அந்த அட்டையில நடந்தது. ஏசி அறை. வாழ்க்கையில முதல் தரம் ஒரு ஆஸ்பத்திரியில எங்களை "சார்" எண்டாங்கள்.

ஆனா மாசா மாசம் பிரசர் குளிசைக்கு அந்த அட்டை உதவாது. படுத்தாத்தான் அட்டை. குளிசைக்கு அரசாங்க ஆஸ்பத்திரி வரிசைதான். அட்டை படுக்கையில விழுத்தின பிறகு தூக்குது, கிளினிக் விழாமல் பாக்குது. ரெண்டும் வேணும்தான், ஒண்டைத்தான் எடு எண்டா நான் கிளினிக்கைத்தான் எடுப்பன்.

—

பழைய_பாண்டியன்குளத்தான்

பஸ்ஸை விடுவம். கொப்பி எண்டதால சொல்லுறன். பிரான்சில நீண்டகால வருத்தம் எண்டு ஒரு பட்டியல் இருக்கு, சீனி அதுக்குள்ள. டொக்டர் பதிஞ்சு விட்டா, சீனியோட சம்பந்தப்பட்ட செலவு நூற்றுக்கு நூறு அரசாங்கக் காப்புறுதி. சாதாரணக் காய்ச்சலுக்கு டொக்டர் காசில 70 வீதம்தான் வரும். அதாவது வருத்தம் கூடக் கூட நீ கட்டுறது குறையும். தம்பியின்ர ஏஜென்ற் பேனையை மூடின அதே ஒற்றையைப் பாத்து இஞ்ச பேனையைத் திறப்பாங்கள். பகிடி என்னெண்டா பிரசரை 2011இல அந்தப் பட்டியலில இருந்து வெட்டிப்போட்டாங்கள். என்ர மச்சான் இண்டைக்கும் அதுக்கு அப்ப இருந்த ஜனாதிபதியைத் திட்டுறவர்.

—

சூரிச்_மாமா

அப்ப கேள்வி அரசாங்கமோ தனியாரோ எண்டதில்லை. கொப்பியைப் பாத்து ஆளை வெளியில விடலாமோ, விடேலாதோ எண்டதுதான். விடேலாது எண்டு சட்டம் போட்டா பிறகு ஆர் நடத்தினால் என்ன.

—

முள்ளியவளை_மிசி

சூரிச் தம்பி, அட்டையை ஏற்கிறதுக்கு ஒரு ஆஸ்பத்திரி இருந்தால்தானே. உங்க டிராமில ஏறினா மூண்டு ஆஸ்பத்திரி. நட்டாங்கண்டலில இருந்து ஒரு பிரைவேற் ஆஸ்பத்திரியைத் தேடினா வவுனியா, இல்லாட்டி யாழ்ப்பாணம். கான்சர் எண்டாத் தெல்லிப்பழை, இல்லாட்டி மகரகம. காப்புறுதி பில்லைக் கட்டும், டொக்டரைக் கொண்டுவந்து இறக்காது. லாபம் இல்லாத ஊருக்கு ஆர் வந்து எக்கோ மெசின் போடுவான்? அதை அரசாங்கம்தான் போடவேணும், போடேல்லை எண்டா கத்தவேணும். உங்களில எத்தனை பேர் ஆஸ்பத்திரி அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்குப் போனனீங்கள்?

1990 எண்ட போன் இலக்கத்து அம்புலன்சையும் சொல்லவேணும். வடக்குக்கு 2018இல வந்தது, முதல்ல இந்தியக் காசு. போன் அடிச்சா வரும், ஒரு சதமும் இல்லை. நியூஜேர்சித் தம்பி, உங்க அம்புலன்ஸ் ஏறினா எவ்வளவு?

—

நியூஜேர்சி_கோண்டாவிலான்

கேக்காதேங்கோ மிசி. இஞ்ச நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு ஊபர் பிடிக்கிற ஆக்கள் இருக்கினம்.

—

கணக்கு_வாத்தி

எனக்கு அரச ஊழியருக்கான அக்ரஹார காப்புறுதி இருக்கிறது, சம்பளத்தில் வெட்டுகிறார்கள். அதை வைத்துக்கொண்டும் நான் அரசாங்க ஆஸ்பத்திரிக்குத்தான் போகிறேன். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: இலவசம் என்ற சொல்லே பிழை. சவுக்காரம் வாங்கும்போது 18 வீதம் வற் வரி கட்டுகிறோம். தம்பியின் அம்மாவும் கட்டுகிறார். அவர் பதினொரு வருடமாகத் தவணைப் பணம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்.

—

நட்டாங்கண்டல்_பெடியன்

எல்லாருக்கும் நன்றி. அக்காவோட நேற்று ரெண்டு மணித்தியாலம் கதைச்சன். ஸ்காபரோ சின்னக்காவின்ர பதிவை அவவுக்கு வாசிச்சுக் காட்ட, கொஞ்ச நேரம் ஒண்டும் கதைக்கேல்லை. அவவும் அம்மாவைச் சூப்பர் விசாவில கூப்பிடத்தான் நினைச்சிருந்தவவாம். இப்ப மருந்து மாறாமல் ஆறு மாசம் பாத்துப்போட்டு எண்டு சொல்லுறா.

அம்மாவுக்குப் பொலிசி போடேல்லை. அக்கா அனுப்பிற காசைத் தனிப் புத்தகத்தில போடுறம். வெளியில எழுதித்தாற மருந்துக்கும், யாழ்ப்பாணம் போக வாற வானுக்கும், திடீரெண்டு ஒரு ஸ்கான் எண்டாலும் அதில எடுக்கலாம். எனக்கு 29, வருத்தம் ஒண்டும் இல்லை. எனக்கு ஒண்டு போடச் சொல்லி ஏஜென்ற் அண்ணையை வரச் சொல்லியிருக்கிறன், ஆஸ்பத்திரியில படுத்தா நாளுக்கு இவ்வளவு எண்டு தாற மாதிரி. அரசாங்க ஆஸ்பத்திரியில படுத்தாலும் தருவினமாம். சின்ன எழுத்தை முதல் வாசிக்கப் போறன். ஓமந்தை அண்ணை, படம் எடுத்து அனுப்புறன், ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ.

நேற்றுக் கிளினிக். கொப்பி முடிஞ்சுது, அங்க நிண்ட மிசி (தாதி) புதுசு வாங்கிக்கொண்டு வரச் சொன்னவ. முன்கடையில வாங்கி, கலண்டர் தாளில உறை போட்டு, பழசையும் புதுசையும் சேர்த்து நூலால கட்டி வைச்சிருக்கிறா அம்மா. பழசைத் தனிய வைப்பம், ஏஜென்ற் வந்தாப் புதுசைக் காட்டுவம் எண்டன். முறைச்சா.

பாண்டியன்குளம் அண்ணை, பஸ் ஓடுது. கிளினிக் நாள் எண்டா இருக்கச் சீற் கிடையாது, வேற நாள் பாத்து வாங்கோ.